மனசுக்கு ஒரு பட்டியல், பந்தலுக்கு ஒரு பட்டியல்

காதுகுத்துக்கு எந்தப் பாட்டு, சடங்கு வீட்டுக்கு எந்தப் பாட்டு என்பது ஊரில் மைக் செட் போடுகிறவருக்கு மனப்பாடம். விடியும்போது சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு ஒலிக்கும். முகூர்த்த நேரத்தில் குழாயை அணைத்துவிட்டு நாயனத்துக்கு வழிவிடுவார். பந்தி நடக்கையில் எம்.எஸ்.விஸ்வநாதன், இலை எடுத்து இளவட்டம் கூடியதும் குத்துப் பாட்டு. கூட்டத்தைப் பார்த்து அவர் எடுத்த முடிவுகளைத்தான் இன்று மனநிலைக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று, விருந்துக்கு ஒன்று என்று பட்டியல் போட்டுச் செயலிகள் நீட்டுகின்றன. அவை எந்த இடத்தில் கைகொடுக்கின்றன, எந்த இடத்தில் கைவிடுகின்றன என்று பார்க்க ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக் என்ற இரண்டு செயலிகளையும், இணையமே வேண்டாத கார்வான் பெட்டியையும் வீட்டு வேலையிலும் வெளிவேலையிலும் ஓட்டிப் பார்த்தேன்.

மூன்றும் மூன்று விதம்

ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது 2019 பிப்ரவரியில். அதன் பலம் பரிந்துரை. 2014இல் எக்கோ நெஸ்ட் என்ற இசைத் தரவு நிறுவனத்தை வாங்கியது. அடுத்த ஆண்டு, திங்கள்கிழமைதோறும் 30 பாட்டு தரும் டிஸ்கவர் வீக்லி வந்தது. ஒரு நாளுக்குள்ளேயே நேரத்துக்குத் தக்கபடி மாறும் டேலிஸ்ட் 2023இல் சேர்ந்தது. இவற்றோடு மனிதர்கள் உட்கார்ந்து தொகுத்த பட்டியல்களும் உண்டு.

யூடியூப் மியூசிக், ஸ்பாட்டிஃபை வந்ததற்கு அடுத்த மாதமே இங்கு வந்தது. உற்சாகம், ஓய்வு, பயணம், சோகம், தூக்கம் என்று முகப்பிலேயே பொத்தான்கள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றைத் தொட்டால் பட்டியல் மாறிவிடும். இதன் பெரிய சொத்து சரக்கு. முறையாக வெளியான ஆல்பங்களோடு, யூடியூபில் யாரோ ஏற்றிவைத்த பழைய கச்சேரி, கோயில் திருவிழா நாயனம், வில்லுப்பாட்டு என்று பலவும் இங்கே பாட்டாகவே கிடைக்கின்றன. கையில் இருக்கும் பழைய கேசட்டை எம்பி3 ஆக்கி வைத்திருந்தால் அதையும் ஏற்றிக்கொள்ளலாம்.

கார்வான் தனி ரகம். பழைய ரேடியோ மாதிரி உருவம், திருகினால் நிலையம் மாறும் குமிழ், உள்ளே ஏற்கெனவே ஏற்றிய 5,000 பாட்டு. 2017இல் இந்திக்கு வந்து, பிறகு தமிழுக்கும் வந்தது. தயாரிப்பது சரிகம, எச்.எம்.வி. முத்திரையோடு இசைத்தட்டு போட்ட கம்பெனியின் இன்றைய பெயர். பாடகர், இசையமைப்பாளர், மனநிலை என்று நிலையங்கள் பிரிந்திருக்கின்றன. பெட்டிக்குள் இருப்பவை அந்த நிறுவனத்துக்கு உரிமை உள்ள பாட்டுகள் மட்டுமே என்பதால் பழைய பாட்டுக்குத்தான் இது வீடு. புதிய பாட்டு வேண்டுமென்றால் பென் டிரைவ் செருகலாம், ப்ளூடூத்தில் போனை இணைக்கலாம்.

மனநிலையை எப்படி அளக்கிறார்கள்?

ஒரு பாட்டு சோகமா சந்தோஷமா என்று கணினி கண்டுபிடிக்க, உளவியலாளர் ஜேம்ஸ் ரஸ்ஸல் 1980இல் முன்வைத்த வரைபடம் ஒன்று அடித்தளமாக இருக்கிறது. இனிமை, கசப்பு என்று ஒரு கோடு. விறுவிறுப்பு, அமைதி என்று குறுக்கே இன்னொரு கோடு. எந்த உணர்ச்சியையும் இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தில் வைத்துவிடலாம். எக்கோ நெஸ்ட் வழியில் ஒவ்வொரு பாட்டுக்கும் இனிமைக்கு 0 முதல் 1 வரை ஓர் எண், வேகத்துக்கு நிமிடத்துக்கு இத்தனை அடி என்று ஓர் எண், ஆடத் தோதானதா என்பதற்கு மற்றோர் எண் கிடைக்கும். இந்த எண்களோடு, அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் வேறு எதைக் கேட்டார்கள் என்ற கணக்கும் சேரும்.

நம் பாட்டுக்கு இந்த எண்கள் பாதிதான் பொருந்தும். தமிழ்ச் சினிமாவில் தோற்றவன் டோலக்கோடு பாடுவான். சாவு வீட்டிலிருந்து திரும்புகிறவன் துள்ளல் மெட்டில் தத்துவம் பேசுவான். தாளத்தை அளந்தால் கொண்டாட்டம், வரியைக் கேட்டால் சுடுகாடு. தத்துவப் பாட்டு, அம்மா பாட்டு, கொள்கைப் பாட்டு, தாலாட்டு என்று நாம் பிரிப்பது எல்லாம் கதையின் தருணத்தை வைத்து. ரெக்கார்டிங் கடைக்காரர் 60 நிமிடக் கேசட்டில் ‘தத்துவம்’ என்று எழுதிக் கொடுத்தபோது யாரும் அவரிடம் விளக்கம் கேட்கவில்லை. ஒலியை மட்டும் அளக்கும் கருவிக்கு அந்த வகை பிடிபடாது. மனிதர் தொகுத்த பட்டியலில்தான் அது ஒழுங்காகக் கிடைக்கிறது. ஆகவே முதல் பாடம்: பட்டியலைத் திறப்பதற்கு முன் அதைத் தொகுத்தது ஆளா, அல்காரிதமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தேடுவதிலும் ஒரு சிக்கல். நாம் ‘மோகன் பாட்டு’, ‘ராமராஜன் பாட்டு’ என்று நடிகரை வைத்துத்தான் பாட்டை ஞாபகம் வைத்திருக்கிறோம். பாட்டின் தரவில் பதிவாவது பாடகரும் இசையமைப்பாளரும். நடிகர் பெயரில் தேடினால் யாரோ அந்தத் தலைப்பிட்டுத் தொகுத்த பட்டியல் இருந்தால்தான் உண்டு. அப்படிப்பட்ட பட்டியல்கள் இரண்டு செயலிகளிலும் இருக்கின்றன. தரம் தொகுத்தவர் கையில்.

காலை, வேலை, நடை

காலைச் சமையலறையில் கார்வானுக்கு நிகர் இல்லை. மாவுக் கையோடு போனைத் தடவ வேண்டாம். குமிழை முழங்கையால் தட்டினாலே அடுத்த நிலையம். அடுத்து என்ன வரும் என்று தெரியாததும் பழைய ரேடியோவின் சுகம்தான். பக்திப் பாட்டுக்குச் செயலியை நம்புகிறவர்கள் ஷஃபிளை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம், 1963இல் இசைத்தட்டாக வந்த எம்.எஸ்.சுப்புலட்சுமியின் சுப்ரபாதம் போன்றவை வரிசையாகக் கேட்க வேண்டியவை. சில பதிப்புகளில் அவற்றைப் பல துண்டாக வெட்டி ஏற்றியிருக்கிறார்கள். ஷஃபிளில் போட்டால் பெருமாள் எழுவதற்கு முன்பே மங்களம் பாடி முடிந்துவிடும்.

எழுத்து வேலை, கணக்கு வேலைக்குத் தெரிந்த மொழிப் பாட்டு கூடாது. வரிகள் கவனத்தைத் தின்றுவிடும். இரண்டு செயலிகளிலும் ‘ஃபோகஸ்’ என்று வரும் பட்டியல்கள் பெரும்பாலும் முகமற்ற பியானோவும் மழைச் சத்தமும்தான். அவற்றைவிட நாமே ஒன்று கட்டுவது மேல்: வீணை, புல்லாங்குழல், கூடவே இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்’ (1986), ஹரிபிரசாத் சௌராசியா வாசித்த ‘நத்திங் பட் விண்ட்’ (1988). இன்னொரு நுணுக்கத்தை அமெரிக்காவின் மியூசாக் நிறுவனத்திடமிருந்து கடன் வாங்கலாம். தொழிற்சாலைகளுக்குப் பின்னணி இசை விற்ற அந்த நிறுவனம், 1940களில் படிப்படியாக விறுவிறுப்பு கூடும் 15 நிமிடத் தொகுப்புகளை அமைத்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு அதே அளவு மௌனம் வைத்தது. இன்றைய செயலிகள் மௌனம் தருவதில்லை; பட்டியல் தீர்ந்ததும் தானே அடுத்ததைத் தேடிப் போடும். அந்த ஆட்டோபிளேயை அமைப்புகளில் அணைத்துவிடலாம். என் மேசையில் நிரந்தரமாக அணைத்தே வைத்திருக்கிறேன்.

நடைப்பயிற்சியில் செயலிகள் ஜெயிக்கின்றன. நிமிடத்துக்கு 100 அடிக்கு மேல் எடுத்து வைப்பது விறுவிறு நடை. 110 முதல் 130 வரை தாளம் உள்ள பாட்டு கால்களைத் தானே இழுத்துக்கொண்டு போகும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நம் பாட்டில் ஏராளமானவை மூன்று மூன்றாக விழும் திஸ்ர நடை. கணினி அவற்றின் வேகத்தைப் பாதியாகவோ இரண்டு மடங்காகவோ கணக்குப் போடக்கூடும். வேக எண்ணை நம்பாமல் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுச் சேருங்கள்.

மனசு சரியில்லாதபோது

சோகமாக இருக்கிறவருக்கு உடனே குத்துப் பாட்டு போடுவது நல்ல எண்ணம்தான், பலிக்காது. அமெரிக்க மனநல மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய ஐரா ஆல்ட்ஷுலர் 1948இல் எழுதிய வழி இன்றும் இசைச் சிகிச்சையில் புழங்குகிறது: ஆள் இருக்கும் மனநிலைக்கு ஒத்த இசையில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வேண்டிய இடத்துக்கு அழைத்துப் போவது. இதை எந்தப் பொத்தானும் செய்வதில்லை. ‘சோகம்’ என்று அழுத்தினால் கடைசிவரை சோகம். ஒரு செயலியில் ‘மகிழ்ச்சி’யை அழுத்தியபோது மூன்றாவதாகவே ஒரு பிரிவுத் துயர் வந்து உட்கார்ந்தது, மெட்டு துள்ளியது, அவ்வளவுதான்.

ஆகவே இந்தப் பட்டியலைக் கையால் கட்டுங்கள். பத்துப் பாட்டு போதும். முதல் மூன்று அழ விடட்டும். நடு நான்கில் துயரத்தோடு கொஞ்சம் தெம்பும் இருக்கட்டும், கண்ணதாசன் எழுதியவற்றில் இதற்குப் பஞ்சமே இல்லை. கடைசி மூன்று லேசாக்கட்டும். கேட்கும்போது ஸ்பாட்டிஃபையில் தனிப்பட்ட அமர்வைப் போட்டுக்கொண்டால், ஒரு வாரத் துக்கத்தை உங்கள் நிரந்தரச் சுவை என்று அது எடுத்துக்கொள்ளாது. குழந்தைக்குப் போடும் பாட்டுப் பட்டியலையும் இப்படியே சுவைக் கணக்கிலிருந்து விலக்கி வைக்கலாம். வீட்டில் ஒரே கணக்கை எல்லாரும் பயன்படுத்துகிறீர்கள் என்றால் இதுதான் முதலில் தொட வேண்டிய வசதி.

விசேஷ வீடு

இங்கேதான் உண்மையான பரீட்சை. தனி ஆளின் பட்டியலில் பாட்டுதான் முக்கியம். விசேஷத்தில் வரிசைதான் முக்கியம். தேவாரப் பண்களையே பகற்பண், இராப்பண், பொதுப்பண் என்று நேரம் பார்த்துப் பிரித்த ஊர் இது. ‘பார்ட்டி’ பொத்தானை அழுத்தினால் வருவது பப்புக்குப் போகிற இருபது வயதுக்காரரின் மாலை. பாட்டியும் பேத்தியும் ஒரே ஹாலில் இருக்கும் நம் வரவேற்பு அதற்குத் தெரியாது.

கணக்கு எளிது. சினிமாப் பாட்டு சராசரியாக நாலரை நிமிடம் என்று வைத்தால் ஒரு மணிக்கு 13 பாட்டு. மூன்று மணி நேர வரவேற்புக்கு 40. மூன்று பட்டியலாகப் பிரியுங்கள். விருந்தினர் வரும் நேரத்துக்கு நாயனமும் வாத்திய இசையும், டி.என்.ராஜரத்தினம் பிள்ளை, காருகுறிச்சி அருணாசலம் பதிவுகள் இரண்டு செயலிகளிலும் தேடினால் கிடைக்கும். பந்திக்குப் பேச்சை மறைக்காத மெல்லிசை. கடைசியாக ஆட்டம். கூட்டுப் பட்டியல் வசதியைத் திறந்துவிட்டு மாமா, அத்தை, தம்பி எல்லாரையும் ஆளுக்கு ஐந்து பாட்டு சேர்க்கச் சொல்லலாம். வடிகட்டும் உரிமை ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். நேரில் நாயனமும் தவிலும் இருக்கும் வீட்டில் முகூர்த்தம் முடியும்வரை போனைப் பையிலேயே வைத்திருங்கள்.

அமைப்புகளில் மூன்று வேலை. ஒன்று, ஒலியளவைச் சமன்படுத்தும் வசதியைப் போடுங்கள். 1960களின் பாட்டுக்கும் நேற்றைய பாட்டுக்கும் சத்தம் எக்கச்சக்கமாக வேறுபடும். இரண்டு, ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு தேய அடுத்தது எழும் கிராஸ்ஃபேடை 12 வினாடி வரை வைக்கலாம். ஆட்டத்துக்கு ஆறு ஏழு நன்றாக இருக்கிறது, இளையராஜாவின் தொடக்க இசைக்கும் கச்சேரி ஆலாபனைக்கும் பூஜ்ஜியம்தான். மூன்று, எல்லாவற்றையும் முன்கூட்டியே இறக்கி வையுங்கள். மண்டபத்தின் அடித்தளத்தில் சிக்னலை நம்பாதீர்கள். இறக்கிவைக்க இரண்டிலும் கட்டணக் கணக்கு வேண்டும். இலவசக் கணக்கில் விளம்பரம் குறுக்கிடும். யூடியூப் மியூசிக்கிலோ கட்டணம் இல்லாமல் போனின் திரையை அணைத்தால் பாட்டும் நிற்கும். மாப்பிள்ளை மாலை மாற்றும்போது ஷாம்பு விளம்பரம் வேண்டாம் என்றால் அந்த ஒரு மாதமாவது சந்தா கட்டிவிடுங்கள்.

எது யாருக்கு?

தனியாகக் கேட்கிறவர், புதிது தேடுகிறவர், நடைக்கும் வண்டிக்கும் பாட்டு வேண்டுகிறவர்: ஸ்பாட்டிஃபை. பரிந்துரையும் நுணுக்க அமைப்புகளும் இதில்தான் கூர்மை. தத்துவம், தாலாட்டு போன்ற தருணப் பாட்டுகளுக்கு மனிதர் தொகுத்ததைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

கச்சேரி, நாட்டார் பாட்டு, கோயில் இசை, கடையில் கிடைக்காத அபூர்வங்கள்: யூடியூப் மியூசிக். ஒரே பாட்டு ஐந்து தரத்தில் கிடக்கும். கேட்டுப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.

போனோடு மல்லுக்கட்டாத பெரியவர்களுக்கு: கார்வான். விலையைப் பாட்டுக்காக மட்டும் கொடுப்பதாக நினைக்க வேண்டாம். பாஸ்வேர்டு, விளம்பரம், அப்டேட் எதுவும் இல்லாத நிம்மதிக்கும் சேர்த்துத்தான். பேட்டரி சுமார் ஐந்து மணி நேரம் என்பதால் இரவில் சார்ஜ் போட்டுவிடுங்கள்.

மனசுக்கான பட்டியலில் முக்கால் பங்கைச் செயலியிடம் விட்டுவிடலாம். பிடிக்காவிட்டால் தள்ளிவிட ஒரு விரல் போதும். நாலு பேர் கூடும் பட்டியலை மட்டும் அதனிடம் விடாதீர்கள். விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்பே உட்கார்ந்து நாற்பது பாட்டையும் வரிசைப்படுத்தி, வீட்டில் மூத்தவர் ஒருவருக்கும் இளையவர் ஒருவருக்கும் போட்டுக் காட்டுங்கள். இரண்டு பேரில் யாராவது முகம் சுளிக்கும் பாட்டை எடுத்துவிட்டாலே பட்டியல் பாதி தேறிவிடும்.