ஒலிநாடாவில் அடங்காத பாட்டு: பரட்டை அண்ணனின் இசைப்பதிவுகள் பற்றிய ஒரு மதிப்பீடு

தமிழ்த் திருச்சபையின் இசையைப்பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அச்சேறிய நூல்களையே ஆதாரமாகக் கொள்கின்றனர். 'பாமாலைகளும் கீர்த்தனைகளும்' என்னும் நூலில் உள்ளதே பாட்டு, அதில் இடம்பெறாதது பாட்டன்று என்னும் எண்ணம் குருமார் நடுவிலும் சபையார் நடுவிலும் வேரூன்றியுள்ளது. மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராய்ப் பணியாற்றிய அருட்பணி ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு (1940–2005) இயற்றிய பாடல்களோ வேறு வழியில் பரவியவை. அவற்றை மாணவர் வாயிலாகவும் ஒலிநாடா வாயிலாகவும் கேட்டறிந்தவரே மிகுதி. ஆகவே அவற்றைத் தாளில் வைத்துப் பாவினம் ஆராய்வது போதாது. பதிவில் கேட்டும், சபை அவற்றை என்ன செய்கிறது என்று பார்த்துமே மதிப்பிடவேண்டும். பாடுவோர் தம் நிலைக்கேற்ப மாற்றிப் பாடும்பொருட்டு இயற்றப்பட்ட பாட்டு, என்றும் மாறாத ஒலிப்பதிவினுள் எவ்வாறு உயிர்வாழும் என்பதே இங்கு நாம் எழுப்பும் வினா.

அப்பாவு ஐயரைப் பெரும்பாலோர் அறிந்த பெயர் 'பரட்டை அண்ணன்' என்பது. வாரி முடிக்காத தலை என்று பொருள்படும் இச்சொல்லைக் கேட்டவுடன் 1977இல் வெளிவந்த '16 வயதினிலே' படத்தின் முரடன் சிலருக்கு நினைவுக்கு வரக்கூடும். அது எவ்வாறாயினும், வெள்ளங்கியும் பட்டமும் உடைய ஒரு குருவானவர் ஊர்த்தெருவில் ஏளனமாய் வழங்கும் சொல்லைத் தமக்குப் பெயராக ஏற்றது விளையாட்டன்று. கர்நாடக இசை மேற்சாதியாரின் அதிகாரத்தைச் சுமந்து வருகிறது, மேனாட்டுப் பாமாலை குடியேற்ற ஆட்சியின் சாயலைச் சுமந்து வருகிறது, ஒடுக்கப்பட்டோர் பொருட்செலவின்றித் தாமே பாடவும் மாற்றிப் படைக்கவும் கூடியது நாட்டார் இசை ஒன்றே என்பது அவர்தம் கொள்கை. 1986இல் வெளிவந்த அவருடைய ஆங்கில நூலின் தலைப்பே நாட்டார் வழக்காற்றை மாற்றத்துக்குரிய கருவியாகக் காட்டுவது. அமெரிக்க இசையாய்வாளர் ஸோயி ஷெரினியன் 2014இல் வெளியிட்ட நூல் அவருடைய இசையைத் தலித் விடுதலை இறையியலாகவே விளக்குகிறது.

இப்பாடல்களின் சிறப்பு முதலாவது சொல்லில் உள்ளது. கர்த்தருடைய ஜெபத்தைப் பாட்டாக்கியபோது அவர் 'பிதா' என்னும் சொல்லை விடுத்து, 'பெத்தவரே' என்று விளித்தார். இலக்கணம் கற்றோர்க்கு இது கொச்சை. ஆனால் இச்சொல் தாயையும் தந்தையையும் ஒருங்கே தழுவுவது. கடவுளை ஆண்பாலில் மட்டும் அழைக்கும் வழக்கத்தை ஒரு வாதமும் செய்யாமல் கடந்துவிடுவது. பெண்ணிய இறையியலார் பல பக்கங்களில் நிறுவ முயல்வதைக் கருக்கலில் பருத்தி எடுக்கச் செல்லும் தாய் ஒருத்தியின் வாய்ச்சொல் முடித்துவிடுகிறது. அதே பாட்டில் அன்றாட ஆகாரத்தைக் கேட்குமிடத்தில் அவர் அப்பத்தை மட்டும் கேட்கவில்லை. ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்துண்ணும் சோற்றைக் கேட்கிறார். தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை வழங்கிய நாட்டில், உணவு கிட்டாமை மட்டுமன்று, உடனுண்ண இடமின்மையும் பசியே என்பதை இதனினும் சுருக்கமாய்ச் சொல்லுதல் அரிது. திருவிருந்தைப்பற்றி நாம் வகுப்பில் நடத்தும் விரிவுரைகளில் இந்த 'உலை' எத்தனைமுறை வருகிறது?

எல்லாப் பாடல்களும் இத்தரத்தன அல்ல என்பதையும் சொல்லிவிடவேண்டும். சிலவற்றில் பாட்டு பின்னே நிற்க, பாடம் முன்னே வந்துவிடுகிறது. அநீதியின் வகைகளை அடுக்கிச் செல்லும் சரணங்கள் கருத்தரங்கில் கைதட்டல் பெறலாம், களத்துமேட்டில் நிலைப்பதில்லை. நாட்டுப்புறப் பாட்டு கொள்கையைக் கூறுவதில்லை, கண்டதைக் கூறுகிறது. மண்சட்டி, உலை, பெற்றவர் என்று பொருள்களைப் பற்றிக்கொண்ட இடத்தில் ஐயர் வெல்கிறார். பொதுச்சொற்களை நாடிய இடத்தில் தளர்கிறார்.

கீர்த்தனையை அவர் ஒதுக்கியதும் முழுவதும் ஒப்பத்தக்கதன்று. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) அரண்மனையை அண்டி வாழ்ந்தவரே. ஆயினும் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடியவரும் அவரே. குறத்தியின் குறி சொல்லும் வாய் அன்றே திருச்சபைக்குள் வந்துவிட்டது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அம்மிஷனின் நிலையங்களுள் ஒன்றான மண்டபசாலை, அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் உரிய இவ்வறண்ட வட்டாரத்திலேயே உள்ளது. மல்லாங்கிணற்றைச் சுற்றியுள்ள சிற்றூர்ச் சபைகளில் முதிய பெண்கள் கீர்த்தனை பாடுவதைக் கேட்டவர்க்கு ஓர் உண்மை விளங்கும். ராகத்தின் வளைவுகள் கழன்றுபோய், தாளம் கும்மியடிக்கு இறங்கி, அது கரிசல் பாட்டாகவே மாறியிருக்கும். மாற்றிப் படைக்கும் மக்கள் மெட்டின் சாதியைக் கேட்டுவிட்டு அதன்பின் படைப்பதில்லை. ஐயருடைய கொள்கைக்கு இதனினும் வலிய சான்று இல்லை. எனினும் அவர் இதனைத் தம் பக்கத்துச் சாட்சியாக அழைத்துக்கொள்ளவில்லை.

இனி ஒலிநாடாவைப்பற்றி. 1970களின் பிற்பகுதிவரை இந்நாட்டில் இசைத்தட்டு வாணிபம் பெரிதும் ஒரு நிறுவனத்தின் கையிலேயே இருந்தது. மலிவான ஒலிநாடா வந்தபின்னரே சிறு குழுக்களும் சபைகளும் கல்லூரிகளும் தம் பாட்டைத் தாமே பதிவுசெய்து பரப்ப முடிந்தது. ஆகவே ஒலிநாடா விடுதலையின் கருவி எனலாம். ஆனால் கருவிக்கும் ஒரு சுபாவம் உண்டு. ஒப்பாரி பாடுகிறவள் ஒவ்வொரு சாவுக்கும் அந்தச் சாவுக்குரிய சொல்லைப் புதிதாய்ச் சேர்க்கிறாள்; இறந்தவன் வெட்டிய கிணறும் பட்ட கடனும் பாட்டில் ஏறுகின்றன. ஒலிநாடாவோ ஒரே சுருதி, ஒரே வேகம், இத்தனை சரணம் என்று வரையறுத்துவிடுகிறது. கேட்டுப் பழகியவர் அதனையே மூலபாடம் என்று கொள்கின்றனர்.

அமெரிக்க நாட்டிலும் இதனையொத்த ஒரு வழக்கு நிகழ்ந்தது. நாஷ்வில் நகரத்து ஒலிப்பதிவு நிறுவனங்கள் கிராமியப் பாட்டுக்கு வயலின் கூட்டமும் பின்னணிக் குரல்களும் சேர்த்து மெருகேற்றி விற்றுவந்தன. வேலன் ஜென்னிங்ஸ், வில்லி நெல்சன் முதலியோர் 1970களில் இதனை எதிர்த்து, தம் குழுவினரைக்கொண்டு தம் விருப்பப்படி பதிவுசெய்யும் உரிமையைக் கோரினர். சட்டத்துக்குப் புறம்பானோர் என்று அவர்களுக்குப் பெயராயிற்று. 1976இல் ஒரு பெரிய நிறுவனம் அப்பெயரையே தலைப்பாக்கி, காவல்துறை தேடும் குற்றவாளிகளின் சுவரொட்டிபோல் அட்டை அமைத்து ஓர் இசைத்தட்டை வெளியிட்டது. அமெரிக்கக் கிராமிய இசையில் பத்து லட்சம் விற்பனைக்குரிய பிளாட்டினத் தகுதியை முதன்முதல் பெற்ற தட்டு அதுவே. கலகம் அவ்வாறு வாணிகக் குறியாயிற்று. பரட்டை என்னும் பெயருக்கும் நம் நடுவில் அது நேரலாகாதா? தலித் விடுதலை ஞாயிறு அன்று, ஆண்டுக்கு ஒருமுறை, இளைஞர் குழு பரட்டையின் பாடலைப் பதிவில் உள்ளவாறே, இருமல் ஒன்றுதவிர வேறு மாற்றமின்றிப் பாடுகிறது. அடுத்த ஞாயிறு எல்லாம் பழையபடி.

எங்கள் பக்கத்துச் சபை ஒன்றில், கண்மாய் பெருகாத ஓராண்டில், இரக்கங்கேட்கும் பாடலைப் பாடும்போது ஒரு விதவைத்தாய் தாமாக இரண்டு அடிகளைச் சேர்த்தார். வெடித்த கரிசலையும், சீமைக்கருவேல் விறகை மூட்டம் போட்டுக் கரியாக்கிப் பிழைக்கும் நிலையையும் மெட்டுத் தவறாமல் கடவுளிடம் முறையிட்டார். ஊழியர் கையமர்த்தி, "அது கேசட்டில் இல்லை அம்மா" என்றார். அவரும் அமர்ந்துவிட்டார். அப்பாடலின் இலக்கணத்தைச் சரியாய் அறிந்தவர் அவ்வாலயத்தில் அன்று அந்த அம்மாள் ஒருவரே. இன்று ஒலிநாடா மறைந்துவிட்டது. பாடல்கள் கைப்பேசியில் வருகின்றன. மின்விசைப் பலகையின் தாளக்கட்டோடு புதிதாய்ப் பாடிய பதிவுகளையும் கேட்கிறோம். மெருகு கூடியிருக்கிறது. இடையில் ஒருவர் ஓர் அடி சேர்ப்பதற்குரிய இடைவெளி அவற்றில் முன்னிலும் குறைவு.

எஞ்சியிருப்பது பறை. சாவுக்கும் ஊர்ச்சேவகத்துக்கும் அடித்த அக்கருவியை ஞானஸ்நானத்தோடு கீழே வைத்தவர் நம் முன்னோர் பலர். அதனைத் திருப்பீடத்தண்டை கொண்டுவந்து, இழிவு என்றதை மேன்மை என்று அறிவிப்பது அரசரடி மரபின் துணிவு. இறையியல் நோக்கில் அதனை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும் பாட்டனார் எறிந்ததைப் பேரன் கல்லூரியிலிருந்து எடுத்து வரும்போது, பாட்டனாரின் அவமானம் என்னவாயிற்று என்று அவரிடம் கேட்பார் இல்லை. கேளாமல் செய்யும் விடுதலையும் ஒருவகை ஆணையே. எங்கள் வட்டாரத்துச் சபை ஒன்றில் முதியோர் பறையை இன்றும் ஆலயத்துக்குள் விடவில்லை. பரட்டையின் பாடல்களை மட்டும் ஏற்றுக்கொண்டு கைத்தாளத்தில் பாடுகின்றனர். அறுப்பின் பண்டிகையன்று ஒலிபெருக்கியில் பதிவு ஒலிக்கும்போது பறை முழங்குகிறது. அவர்கள் அதனை நிறுத்தச் சொல்வதில்லை. கீழே வைத்த கோலை எடுக்கவும் அவர்களுள் எவரும் இன்னும் கை நீட்டவில்லை.