கூத்தின் சிக்கனமும் அரங்கின் பசுமையும்: உற்பத்தி உறவுகள் பற்றிய ஒரு நோக்கு

நாடகத் தயாரிப்பு ஒன்று இயற்கையிலிருந்து எவற்றைப் பெறுகின்றது, ஆட்டம் முடிந்தபின் எவற்றைக் கழிவாக விட்டுச்செல்கின்றது என்னும் வினா மேலைநாட்டு அரங்கியலாளரிடையே முக்கியத்துவம் பெறத் தொடங்கி ஏறத்தாழ இரு தசாப்தங்களாகின்றன. பிரித்தானியாவில் 2007இல் ஜூலீஸ் பைசிக்கிள் என்ற அமைப்பும் நியூயோர்க்கில் 2008இல் புரோட்வே பசுமைக் கூட்டணியும் தோன்றின. 2021இல் பிரித்தானிய அரங்கத்துறையினர் தயாரிப்பு, கட்டடம், நிருவாகம் என மூன்று பகுதிகளைக் கொண்ட 'அரங்கப் பசுமை நூல்' என்னும் வழிகாட்டியை வெளியிட்டனர். அதன் முதற்படித் தரத்தின்படி, தயாரிப்புக்கான பொருள்களில் 50 வீதம் முன்னரே ஒருமுறை பயன்பட்டவையாக இருத்தல் வேண்டும்; 65 வீதம் பின்னரும் பயன்படுதல் வேண்டும். மரச்சட்டம், வண்ணப்பூச்சு, துணி, போக்குவரத்து அனைத்தும் அங்கே கணக்கில் ஏறுகின்றன. பயனுள்ள முயற்சி என்பதில் ஐயமில்லை.

இச்செய்தி நம்மிடையே வந்து சேர்ந்தபோது எழுந்த எதிர்வினை சிந்திக்கத்தக்கது. "இவர்கள் இன்று கண்டுபிடிப்பதை எமது கூத்தர் என்றோ செய்துவிட்டனர்" என்ற குரலைக் கருத்தரங்குகளிற் கேட்கமுடிகின்றது. மண்ணாற் களரி, வாழைத்தண்டும் தென்னங்குருத்தும் கொண்ட சோடனை, தலைமுறைகளாகக் கைமாறும் உடுப்பு, மின்சாரம் வேண்டாத குரல். இதனைவிடப் பசுமையான அரங்கு உண்டோ என்கின்றனர். இக்கூற்றிற் பாதி உண்மை. மற்றப் பாதி, கூத்தை அதன் சமூக அடிப்படையினின்றும் பெயர்த்தெடுத்து இயற்கையின் குழந்தையாக்கிக் காட்டும் பழைய பண்பாட்டுவாதத்தின் புதிய வடிவமாகும். இருபாதிகளையும் வேறுபடுத்திப் பார்ப்பதற்கு மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துக்கள் தக்க களமாகின்றன.

முதலில் உண்மையான பாதியை நோக்கலாம். கூத்தின் தயாரிப்பு பல மாதங்கள் நீள்வது. அண்ணாவியார் சட்டம் கொடுத்தலுடன் தொடங்கிச் சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் எனப் படிப்படியாக வளர்ந்து அரங்கேற்றத்தில் நிறைவுறும். இவ்வளவு நீண்ட காலத்திற் செலவாவது பெரும்பாலும் மனித உழைப்பே. களரி ஊர் மண்ணை உயர்த்திக் கட்டிய வட்டமான மேடை. கூத்து முடிந்தபின் அம்மண் மீண்டும் ஊர் மண்தான். வடமோடி அரசனின் கரப்புடுப்புக்கு வளையங்களும், முடிக்கும் மார்புப் பதக்கத்துக்கும் இலேசான மரமும், ஒளிக்குக் கண்ணாடித் துண்டுகளும் போதுமாயிருந்தன. எண்ணெய் விளக்கிலும் பந்தத்திலும் அக்கண்ணாடித் துண்டுகள் பெற்ற உயிர்ப்பை மின்விளக்கிற் பார்த்தவர்கள் அறியமாட்டார்கள்.

இச்சிக்கனம் வறுமையின் விளைவு மட்டுமன்று, வடிவத்தின் தேவையுமாகும். கூத்திலே காட்சியமைப்பு இல்லை. பாத்திரம் தன் வரவுத் தருவிலேயே தான் யார், எங்கிருந்து வருகின்றேன் என்பதைப் பாடி ஆடி நிலைநாட்டுகின்றது. அதே களரி ஒருகணம் கொலுமண்டபம், மறுகணம் வனம், பின்னர் போர்க்களம். இட மாற்றத்தை மரமும் துணியும் செய்வதில்லை. தாளமும் காலும் செய்கின்றன. சுற்றிவர இருக்கும் பார்வையாளருக்கு முன்னே பின்திரை வைப்பதற்கு இடமும் இல்லை. பொருளின் குறைவை ஆட்டத்தின் நிறைவு ஈடுசெய்கின்றது என்பதைவிட, ஆட்டம் நிறைந்திருப்பதாலே பொருளுக்கு அங்கு வேலையில்லை என்பதே பொருந்தும்.

ஆயின் இச்சிக்கனத்தின் விலையை யார் செலுத்தினர்? பசுமையைப் புகழ்வோர் இங்கேதான் மௌனம் சாதிக்கின்றனர். களரிக்கு மேலே கட்டப்படும் வெள்ளையை எடுத்துக்கொள்வோம். ஒரே துணி சலவை செய்யப்பட்டு மீண்டும் மீண்டும் பயன்படுகின்றது. பசுமைக் கணக்கில் இதற்கு முழுப்புள்ளியும் கிடைக்கும். ஆனால் எமது சமூகத்தில் வெள்ளை கட்டுதல் சலவைத் தொழில் செய்தோர்மீது சுமத்தப்பட்ட குடிமைக் கடமை. பறை முழக்கியோரின் நிலையும் இதுவே. ஊதியப் பேச்சு இல்லை, மறுக்கும் உரிமையும் இல்லை. பெண்களோ ஆடவில்லை, ஆண்களே பெண்வேடம் புனைந்தனர். மாதக்கணக்கான பயிற்சி இரவுகளில் வீட்டு வேலையைத் தாங்கியவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. ஆக, துணியின் ஆயுள் நீண்டமைக்கும் மனிதனின் உழைப்பு கணக்கிலேறாமைக்கும் ஒரே அடிப்படைதான் இருந்தது. கூத்து வடிவத்தை வைத்தே சாதி ஒடுக்குமுறைக்கெதிராகக் 'கந்தன் கருணை', 'சங்காரம்' போன்ற நாடகங்கள் 1960களின் இறுதியில் எழுந்தமை, இம்முரண்பாடு கூத்தோடு ஒட்டியவர்களுக்கே நன்கு தெரிந்திருந்தது என்பதைக் காட்டும்.

மார்க்ஸ் 'மூலதனம்' முதலாம் தொகுதியில் (1867) முதலாளித்துவ வேளாண்மையைப் பற்றிக் கூறுமிடத்து, அது மண்ணின் வளத்தையும் தொழிலாளியின் வலுவையும் ஒருங்கே உறிஞ்சுகின்றது என்று விளக்குவார். மண்ணைத் தனியாகவும் மனிதனைத் தனியாகவும் அவர் பார்க்கவில்லை. இந்த நோக்குநிலையில் நின்று பார்க்கையில், மண்ணைக் காத்து மனிதனை ஒடுக்கிய நிலமானியச் சிக்கனமும், மரச்சட்டத்தை எண்ணி அதனைச் சுமந்தவனை எண்ணாத இன்றைய பசுமைக் கணக்கும் வெவ்வேறு திசைகளில் ஒரே தவறைச் செய்கின்றன என்பது புலனாகும்.

இனி, கூத்து ஊரைவிட்டு வெளியேறிய வரலாற்றைக் கவனிக்க வேண்டும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' முதலியவற்றைத் தயாரித்தார். விடிய விடிய ஆடப்பட்ட கூத்து சில மணிநேரத்துக்குள் சுருங்கியது. வட்டக்களரி படச்சட்ட மேடையாயிற்று. மின்னொளியும் திரையும் வந்தன. படித்த மத்தியதர வர்க்கம் இழிவாகக் கருதிய கலையை அதன் கண்முன்னே நிமிர்ந்து நிற்கச்செய்த இப்பணியின் பெருமையைக் குறைப்பது நமது நோக்கமன்று. ஆனால் ஒருபுறம் மட்டும் பார்வையாளர் என்றானதும், மற்றப் புறத்தை எதனாலோ மூடவேண்டியதாயிற்று. பின்திரையின் வரலாறு அங்கே தொடங்குகின்றது. அத்துடன் தயாரிப்பின் பொருளாதாரமும் மாறிற்று. ஊரவர் தமக்காகத் தாமே செய்த கூத்து, நிறுவனத்தின் பணத்தில் ஒருசில மேடையேற்றங்களுக்காகச் செய்யப்படும் நாடகமாயிற்று. ஒருநாளைக்காகச் செய்யப்படும் பொருளுக்கு மறுநாள் என்று ஒன்றில்லை.

அதன் இன்றைய முடிவைப் பாடசாலை நாடகப் போட்டிகளிற் காணலாம். நடுவராகச் சென்ற ஒரு போட்டியின் பின், மண்டபத்தின் பின்புறம் ரெஜிபோமிற் செதுக்கிய அரண்மனைத் தூண்களும் ஒரு கோபுரமும் மழையில் நனைந்து கிடந்ததை இக்கட்டுரையாசிரியர் கண்டதுண்டு. நாடகம் ஆடப்பட்டது அரைமணி நேரத்துக்கும் குறைவாக. 2017 செப்ரெம்பரில் அரசு ரெஜிபோம் உணவுப் பெட்டிகளைத் தடைசெய்தது. அதே பொருள் கோபுரமாக வருகையில் எவரும் கேட்பதில்லை. பிள்ளைகளையோ ஆசிரியர்களையோ குறைகூறுவது முறையன்று. காட்சியமைப்பு இல்லாத நாடகம் உழைப்புக் குறைந்த நாடகம் என்று கருதும் பார்வைக்கே அவர்கள் வேலைசெய்கின்றனர். கூத்திலிருந்து நாம் கற்றிருக்க வேண்டிய அழகியற் பாடம் இதுவே. அதனை விட்டுவிட்டு வாழைத்தண்டைப் புகழ்கின்றோம்.

சிக்கனம் எவருடைய தெரிவு என்னும் வினாவை இன்னுமோர் உதாரணத்தால் விளக்கலாம். நெறியாளர் கேற்றி மிற்செல், சுவிற்சர்லாந்தின் லோசான் நகர விடி அரங்குடனும் நடனக்கலைஞர் ஜெறோம் பெல்லுடனும் இணைந்து, 2021இல் மேடைக்கு வந்த ஒரு திட்டத்தை வகுத்தார். மிற்செல் அதற்கெனத் தேர்ந்த நாடகத்தில் மேடைக்கு வேண்டிய மின்சாரத்தைச் சைக்கிள் மிதிப்போர் மேடையிலேயே பிறப்பிக்கின்றனர். நாடகக்குழு பயணஞ் செய்வதில்லை. பிரதியும் குறிப்புகளுமே பயணஞ் செய்கின்றன. ஒவ்வொரு நகரிலும் அங்குள்ள கலைஞரே அதனைப் புதிதாக ஆக்குகின்றனர். பிந்திய ஏற்பாடு நமக்குப் பழக்கமானது. கூத்துக் கொப்பி ஊருக்கு ஊர் சென்றது. ஆடியவர் அந்தந்த ஊரவர். சைக்கிளும் நமக்குப் பழக்கமானதுதான். 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமின்றி, மண்ணெண்ணெய்க்கும் தடையுடன் வாழ்ந்த ஆண்டுகளில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டனர். ஜாம் போத்தல் விளக்கிற் பிள்ளைகள் படித்தனர்.

இரண்டும் ஒரே சைக்கிள். இரண்டின் காபன் கணக்கும் ஏறத்தாழ ஒன்றே. லோசானில் அது வசதியுள்ள ஓர் அரங்கு தன் வசதியைத் தானே வினாவுக்குட்படுத்தும் குறியீடு, அவ்வளவில் நேர்மையானது. யாழ்ப்பாணத்தில் அது முற்றுகை. 2022 மார்ச்சு இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை இருளில் இருந்தபோதும், அச்சிக்கனம் கடன் நெருக்கடியின் பெயராலே மக்கள்மீது இறக்கப்பட்டது. குறைவாகச் செலவிடுதல் தன்னளவில் ஒரு விழுமியம் அன்று. அதனைத் தீர்மானிக்கும் அதிகாரம் எவர் கையில் உள்ளது என்பதே அதன் பண்பைத் தீர்மானிக்கின்றது.

இந்நிலையில் 2000களின் தொடக்கத்திலிருந்து சி. ஜெயசங்கரும் மூன்றாவது கண் குழுவினரும் மட்டக்களப்புச் சீலாமுனையில் மேற்கொண்ட கூத்து மீளுருவாக்கப் பணி தனிக் கவனத்துக்குரியது. கூத்தைக் களரியினின்றும் பெயர்க்காமல், ஊரவருடன் கலந்துரையாடி அதன் சாதி, பால்நிலை சார்ந்த கூறுகளை மாற்றுதல் அவர்களது வழி. வட்டமும் மண்ணும் அப்படியே இருக்க உறவுகளை மாற்ற முயல்வது, உறவுகளை விட்டுவிட்டு மேடையை மாற்றிய முந்திய முயற்சிக்கு நேரெதிரான திசையாகும். உள்ளூர் அறிவு என்ற சொல் அவர்களிடம் சிலவேளை வர்க்கப் பகுப்பாய்வின் இடத்தையும் பிடித்துக்கொள்கின்றது என்பது எமது கருத்து. அதனைப் பிறிதொரு கட்டுரையில் விரிவாக நோக்க வேண்டும்.

எவ்வாறாயினும் இவ்வாய்வு முன்செல்வதற்குத் தரவு வேண்டும். அண்ணாவிமாரின் ஏடுகளையும் கூத்துக் கொப்பிகளையும் நமது அறிஞர்கள் சிரமப்பட்டுச் சேகரித்துள்ளனர். களரி கட்டியவர் யார், உடுப்புக்கு யார் கொடுத்தார், வெள்ளை கட்டியவருக்கு என்ன கிடைத்தது, நெல்லாகவா காசாகவா என்பன எழுதப்பட்ட செலவுக் கொப்பிகளை நாம் போதியளவு தேடவில்லை. அவை எழுதப்படாத ஊர்களில், அக்கணக்கை நினைவில் வைத்திருக்கும் முதியோரிடமாவது சென்று கேட்டல் வேண்டும். வெள்ளை கட்டிய குடும்பங்களின் வீடுகளிலிருந்தே அவ்வினவலைத் தொடங்கலாம்.