லினக்ஸ் மிண்ட் 22: நிறுவுவது சுலபம், நுழைவதுதான் பாடு

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததிலிருந்து, லினக்ஸுக்கு மாறலாமா என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் பெயர் லினக்ஸ் மிண்ட் 22. உபுண்டு 24.04-ஐ அடித்தளமாகக் கொண்டது. 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. விண்டோஸ் பழகிய கைக்கு மெனுவும் டாஸ்க்பாரும் அந்நியமாகத் தெரியாது. இந்த முறை அதை, விண்டோஸ் 11 ஓடிக்கொண்டிருந்த ஒரு 10-ஆம் தலைமுறை இன்டெல் லேப்டாப்பில், விண்டோஸை அழிக்காமல் பக்கத்தில் நிறுவிப் பார்த்தேன். மிண்டின் இன்ஸ்டாலர் வேலையைச் சட்டென்று முடித்துவிட்டது. நேரத்தைத் தின்றது லேப்டாப்பின் யூஇஎஃப்ஐ.

இன்னும் எல்லோரும் 'பயாஸ்' என்றுதான் சொல்கிறோம். ஆனால் பழைய பயாஸுக்கும் இதற்கும் வேலை செய்யும் முறையே வேறு. பயாஸ் டிஸ்கின் முதல் செக்டாரைப் படித்து, அங்கே இருப்பதை ஓட்டும். யூஇஎஃப்ஐ, டிஸ்கில் ஃபேட்32 வடிவில் உள்ள ஒரு சிறிய பார்ட்டிஷனைத் திறந்து, அதிலுள்ள பூட் கோப்புகளில் ஒன்றை ஓட்டும். எந்தக் கோப்பை முதலில் ஓட்ட வேண்டும் என்ற வரிசை மதர்போர்டில் உள்ள நினைவகச் சிப்பில் பதிவாகியிருக்கும். ஆகவே இன்ஸ்டாலர் டிஸ்கில் எல்லாவற்றையும் சரியாக எழுதிவிட்டாலும், அந்தப் பதிவு தவறினால் கணினி லினக்ஸுக்குள் போகாது.

மிண்டை எழுதிய பென்டிரைவிலிருந்து பூட் செய்யும் இடத்திலேயே ஒரு பள்ளம் இருக்கிறது. 2012 முதல் சில ஆண்டுகள் வந்த பல டெஸ்க்டாப்புகளில் பழைய பயாஸ் முறையும் சேர்ந்தே இருக்கும். பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரியும். முன்னால் யூஇஎஃப்ஐ என்று போட்டிருப்பதைத்தான் தேர்வு செய்ய வேண்டும். மற்றதைத் தேர்ந்தால் லினக்ஸ் பழைய முறையில் நிறுவப்பட்டு, யூஇஎஃப்ஐ முறையில் உள்ள விண்டோஸோடு ஒரே மெனுவில் சேராது. புதிய லேப்டாப்புகளில் இந்தக் குழப்பம் அநேகமாக இல்லை. எஃப்2, எஃப்12 என்று தட்டிக்கொண்டிருக்கவும் வேண்டாம்: விண்டோஸில் ஷிஃப்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்தால், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் வழியாக நேரே யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸுக்குப் போய்விடலாம்.

என் லேப்டாப்பில் மிண்ட் பென்டிரைவிலிருந்து அழகாக ஓடியது. வைஃபை, டச்பேட், ஒலி எல்லாம் சரி. நிறுவப் போனால், இன்டெல் ஆர்எஸ்டியை அணைத்துவிட்டு வா என்று இன்ஸ்டாலர் நின்றுவிட்டது. ஆர்எஸ்டி என்பது எஸ்எஸ்டியை இன்டெலின் சேமிப்பு டிரைவருக்குப் பின்னால் ஒளித்துவைக்கும் ஏற்பாடு. ஒரே ஒரு எஸ்எஸ்டி உள்ள சாதாரண லேப்டாப்பில் இதனால் பயனருக்கு ஒரு லாபமும் இல்லை. தொழிற்சாலையிலேயே ஏன் போட்டு அனுப்புகிறார்கள் என்பது எனக்குப் பிடிபடவில்லை. செட்டிங்ஸில் சாட்டா மோட் என்ற இடத்தில் ஏஹெச்சிஐ என்று மாற்ற வேண்டும். ஏசர் ஆஸ்பையர் மாடல்கள் பலவற்றில் மெயின் பக்கத்தில் கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால்தான் அந்த வரியே கண்ணில் படும். 11-ஆம் தலைமுறையிலிருந்து இதே விஷயம் விஎம்டி என்ற பெயரில் வருகிறது.

ஆனால் இதை நேரே மாற்றிவிடக் கூடாது. அடுத்த முறை விண்டோஸ் தன் டிஸ்கையே காணாமல் நீலத்திரை காட்டும். முதலில் விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் திறந்து, பூட் பக்கத்தில் சேஃப் பூட்டை டிக் செய்யுங்கள். ரீஸ்டார்ட் செய்து ஃபர்ம்வேருக்குள் போய் மோடை மாற்றுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் எழுந்து புது டிரைவரைப் பிடித்துக்கொள்ளும். பிறகு டிக்கை எடுத்துவிடலாம். இதற்கெல்லாம் முன்பு, பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்க்ரிப்ஷன் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் 48 இலக்க ரெகவரி கீயைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஃபர்ம்வேரில் கை வைத்ததும் விண்டோஸ் அதைத்தான் முதலில் கேட்கும். ஹோம் பதிப்பிலும் இந்தப் பூட்டு தானாகவே போடப்பட்டிருக்கலாம். கூடவே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுமையாக ஷட்டவுன் ஆவதில்லை.

செக்யூர் பூட்டை அணைக்காமல் லினக்ஸ் வராது என்று இன்னமும் சொல்லித் திரிகிறார்கள். மிண்ட், உபுண்டு, டெபியன், ஃபெடோரா எல்லாமே மைக்ரோசாஃப்ட் கையெழுத்திட்ட ஷிம் என்ற சிறு நிரலோடு வருகின்றன. பெரிய இடத்துச் சிபாரிசுக் கடிதம் மாதிரி, அதைக் காட்டினால் ஃபர்ம்வேர் உள்ளே விட்டுவிடும். சிக்கல் வருவது என்விடியா போன்ற வெளி டிரைவர்களில். மிண்ட் அவற்றுக்கென ஒரு சாவியை உருவாக்கி, நம்மிடம் ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அடுத்த ரீஸ்டார்ட்டில் ஒரு நீலத்திரை சில நொடிகள் மட்டும் வரும். அங்கே என்ரோல் மோக் என்பதைத் தேர்ந்து அந்தப் பாஸ்வேர்டைத் தர வேண்டும். ஏதோ எரர் என்று நினைத்து விட்டுவிட்டால் டிரைவர் லோடு ஆகாது. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், பழைய ஷிம்களைத் தடைப்பட்டியலில் சேர்த்து, இரட்டை பூட் கணினிகள் பலவற்றில் லினக்ஸை எழவிடாமல் செய்தது. முழுத் தீர்வு 2025 மே மாதத்தில்தான் வந்தது. ஆகவே இரண்டையும் ஒரே டிஸ்கில் வைத்திருப்பவர்கள் மிண்ட் பென்டிரைவை அழித்துவிட வேண்டாம்.

நிறுவி முடித்ததும் கணினி நேரே விண்டோஸுக்கே போகிறதா? ஃபர்ம்வேரின் பூட் வரிசையில் மிண்ட் என்று தேடாதீர்கள். அது 'உபுண்டு' என்ற பெயரில்தான் இருக்கும். அதை மேலே ஏற்றினால் போதும். அந்தப் பெயரே இல்லையென்றால், பென்டிரைவிலிருந்து பூட் செய்து மிண்டின் மெனுவில் உள்ள பூட் ரிப்பேரை ஓட்டலாம். சில ஃபர்ம்வேர்கள் நாம் வைத்த வரிசையை மதிக்காமல் ஒவ்வொரு முறையும் விண்டோஸ் பூட் மேனேஜரையே முதலில் தூக்கி வைக்கும். அது லேப்டாப்காரர்களின் சோம்பேறித்தனம். மிண்டைத் திட்டிப் பயனில்லை.

மிண்ட் 22-க்கு என் மதிப்பெண் பத்துக்கு எட்டரை. பிடித்துவைத்த ஒன்றரையில் ஒன்று, ஆர்எஸ்டியை அணை என்று சொல்லிவிட்டு, எப்படி என்பதை அந்தத் திரையிலேயே சொல்லாததற்கு. நான் சோதித்த லேப்டாப்பின் ஃபர்ம்வேருக்கு நாலு கொடுப்பதே தாராளம். விண்டோஸ் தேவையில்லை, டிஸ்க் முழுவதையும் லினக்ஸுக்கே தரப்போகிறேன் என்பவருக்கு மேலே சொன்னதில் பாதித் தொல்லை இல்லை. இரண்டும் வேண்டும் என்பவர்கள், லேப்டாப்பில் இடமிருந்தால் இரண்டாவது எஸ்எஸ்டி ஒன்றை வாங்கிப் போட்டு மிண்டை அதில் வையுங்கள்.