நகை பிறக்கும் இடம்: 'சஷ்மே பத்தூர்' திரைப்படம் குறித்து

மெய்ப்பாடுகளை எண்வகையாகப் பகுத்த தொல்காப்பியர், அவ்வெட்டனுள் நகையையே முதற்கண் வைத்தார். அது பிறக்கும் இடங்கள் நான்கு என்றும் வகுத்துரைத்தார். அவற்றுள் எள்ளல் ஒன்று, இளமை மற்றொன்று. ஏனைய இரண்டும் பேதைமையும் மடமும் ஆகும். பேதைமைக்கும் மடத்துக்கும் இடையே உள்ள நுண்ணிய வேறுபாடு உரையாசிரியர்களுக்குரிய ஆராய்ச்சி. நாம் அதனுள் புகவில்லை. எள்ளலினின்று எழும் சிரிப்பும் இளமையினின்று எழும் சிரிப்பும் ஒன்றல்ல என்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம். மாணவர் வாழ்வை நகைச்சுவைப் படமாக ஆக்க முனைபவர் எவரும், கதையைத் தேர்வதற்கு முன்பே இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டியவராகிறார்.

வட இந்திய நகரங்களில் குடியேறி வாழும் நமக்கு இத்தேர்வில் தனியானதோர் அக்கறை உண்டு. 1968 இல் வெளிவந்த 'படோசன்' என்ற இந்திப் படத்தை நம்மில் காணாதவர் குறைவு. குடுமியும் வேட்டியுமாக, உடைந்த இந்தி பேசிவரும் பிள்ளை என்னும் பாட்டு வாத்தியாராக அதில் மெஹ்மூத் நடித்தார். திரையரங்கு முழுவதும் குலுங்கிச் சிரித்தது. பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகளைப் பிற பிள்ளைகள் 'மதராசி' என்று கூவி அழைத்துச் சிரித்த காலமும் அதுவே. அப்படத்தின் புகழ்பெற்ற பாட்டுப் போட்டியை ஊன்றிக் கவனித்தால் வியப்பானதொரு செய்தி புலப்படும். முறையாகச் சங்கீதம் கற்றவர் பிள்ளை. எதிரே நிற்கும் கதாநாயகனுக்கோ பாடவே வராது. மறைவில் இருந்து நண்பன் பாட, அவன் வாயை மட்டும் அசைக்கிறான். ஆயினும் தோற்பவரும் நகைக்கப்படுபவரும் கற்றவரே! மன்னா டேயும் கிஷோர் குமாரும் அப்பாட்டைப் பாடிய திறத்தை நாம் மறுக்கவில்லை; இன்றும் விரும்பிக் கேட்கிறோம். ஆனால் அச்சிரிப்பு எள்ளலின்பாற் பட்டது என்பதையும் மறைப்பதற்கில்லை. நம் தமிழ்ப் படங்களில் கொச்சைத் தமிழ் பேசிக்கொண்டு வட்டிக்கு விடும் 'சேட்டு' நெடுங்காலம் வந்துபோனதும் இவ்வகையே என்பதை நடுநிலை கருதிச் சொல்லிவைக்க வேண்டும்.

இந்தப் பின்னணியில் வைத்துத்தான் சாயி பராஞ்ச்பேயின் 'சஷ்மே பத்தூர்' படத்தை மதிப்பிட வேண்டும் என்பது நம் கருத்து. தேசிய நாடகப் பள்ளியில் பயின்று, வானொலியிலும் தில்லித் தொலைக்காட்சியிலும் பணியாற்றியவர் இவ்வம்மையார். மராத்தியர். 1981 இல் வெளிவந்த இப்படத்துக்குக் கதை, வசனம், இயக்கம் மூன்றும் அவருடையவையே. 'கண்ணேறு படாதிருக்கட்டும்' என்பது தலைப்பின் பொருள். நம் வீடுகளில் பிள்ளைகளுக்குத் திருஷ்டி கழிக்கும்போது சொல்லும் சொல்லுக்கு நிகரானது.

கதை சிறியது. தில்லியில் ஒரு வாடகை அறையில் மாணவர் மூவர் வாழ்கின்றனர். பொருளாதாரம் படிக்கும் சித்தார்த் (பாரூக் ஷேக்) புத்தகமே கதி என்றிருப்பவன். கவிதையும் நாடகமும் பேசித் திரியும் ஓமிக்கும் (ராகேஷ் பேடி), திரைப்பட மயக்கத்தில் திளைக்கும் ஜோமோவுக்கும் (ரவி பாஸ்வானி) பெண்களைத் துரத்துவதே தொழில். அக்கம்பக்கத்தில் புதிதாக வந்த நேஹா என்ற பெண்ணை (தீப்தி நவல்) நாடிச் சென்று இவ்விருவரும் அடுத்தடுத்துத் தோற்றுத் திரும்புகின்றனர். அவளோ பின்னர் சித்தார்த்தை விரும்புகிறாள். பொறாமை கொண்ட நண்பர்கள் பொய் சொல்லி இருவரையும் பிரிக்கின்றனர். பிறகு வருந்தி ஒன்றுசேர்க்க முயல்கின்றனர்.

இக்கதையில் வில்லன் இல்லை. பணக்காரத் தந்தை இல்லை. இவற்றினும் மேலாக, நகைச்சுவைக்கென்று தனியாக ஒட்டவைத்த பகுதியும் இல்லை. கதாநாயகன் ஒருபுறம் காதலிக்க, மறுபுறம் நகைச்சுவை நடிகர் தம் துணைக்கதையை நடத்திக்கொண்டிருக்கும் வழக்கம் அக்காலத்தே இந்தியிலும் தமிழிலும் வேரூன்றியிருந்தது. அம்மரபை நம் ஸ்ரீதர் 1964 இலேயே 'காதலிக்க நேரமில்லை'யில் பெரிதும் மீறிக் காட்டினார். அதில் நகைச்சுவையே கதையின் உடல்.

இவ்விரு படங்களையும் ஓரிடத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். ஸ்ரீதர் படத்தில், 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' என்று பலகை மாட்டிக்கொண்ட செல்லப்பாவாகிய நாகேஷ், தம் தந்தையாகிய பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சியைத் தமிழர் எவரும் மறவார். அங்கே கதையின் ஒரு துளியையும் இயக்குநர் நமக்குக் காட்டவில்லை. நாகேஷின் குரலும் கைகளும், பாலையாவின் முகமும் மட்டுமே உள்ளன. சொல்பவனைவிடக் கேட்பவரே நம்மைச் சிரிக்கவைக்கிறார். பராஞ்ச்பேயார் எடுத்துக்கொண்ட வழி இதற்கு நேர்மாறானது. தோற்றுத் திரும்பிய ஓமியும் ஜோமோவும் வெட்கத்தை மறைக்க ஆளுக்கொரு வெற்றிக் கதை அளக்கும்போது, அப்பொய்யை இயக்குநர் படமாகவே விரித்துக் காட்டிவிடுகிறார். அதுவும் எவ்வாறு? இந்திப் படக் காதற் பாட்டுகளின் சாயலிலேயே காட்டுகிறார். உண்மையில் நடந்த அவமானத்தையும் முன்பே நாம் பார்த்துவிட்டோம். ஆகவே சிரிப்பு இருமடங்காகிறது: பொய் சொல்லும் பிள்ளைகளையும் பார்த்துச் சிரிக்கிறோம், அப்பிள்ளைகளுக்கு அப்படிப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்த சினிமாவையும் பார்த்துச் சிரிக்கிறோம். எள்ளல் இப்படத்திலும் உண்டு. ஆனால் அது அயல்மொழிக்காரனையோ ஏழையையோ நோக்கித் திரும்பாமல், பார்த்துக்கொண்டிருக்கும் நம் கனவுகளின் மேலேயே திரும்புகிறது. அமிதாப் பச்சனும் ரேகாவும் இப்படத்தில் சிறிது நேரம் தோன்றுவதும் இக்கேலியின் ஒரு பகுதியே. பெரிய நட்சத்திரங்களைக் கொண்டே நட்சத்திரக் காதலைப் பகடி செய்யும் துணிவைப் பாராட்டத்தான் வேண்டும்.

நாகேஷ் செய்த செல்லப்பா வேடத்தை, 1966 இல் 'ப்யார் கியே ஜா' என்று அப்படம் இந்திக்குச் சென்றபோது ஏற்று நடித்தவர், பின்னர் பிள்ளையாக வந்த அதே மெஹ்மூத்தான். தமிழனின் நகைச்சுவையைப் பெற்றுக்கொண்ட இந்தித் திரை, இரண்டே ஆண்டுகளில் தமிழனையே நகைப்பொருளாக்கிற்று!

நம் நெஞ்சில் நிற்கும் காட்சி சலவைத்தூள் காட்சியே. 'சம்கோ' என்னும் தூளை வீடு வீடாக விற்கவரும் நேஹா, சித்தார்த்தின் அறைக் கதவைத் தட்டுகிறாள். அழுக்குத் துணியொன்றைக் கேட்டு வாங்கி, வாளியில் நுரை பொங்கத் துவைத்துக் காட்டுகிறாள். காதல் அரும்பும் காட்சிக்குப் பூங்காவும் மழையும் வேண்டுமென்பது மரபு. இங்கே வாளியும் நுரையும் துண்டுமே போதுமானவையாயின. நாள்தோறும் நம் வீடுகளில் நிகழும் செயலொன்றினின்றே சிரிப்பையும் அன்பையும் ஒருங்கே எடுத்துவிடுகிறார் இயக்குநர். பின்னர்ப் பூங்கா உணவகத்தில் காப்பியும் ஐஸ்கிரீமும் வரவழைத்துவிட்டு என்ன பேசுவதென்று தெரியாமல் அவ்விருவரும் அமர்ந்திருப்பதும் இத்தகையதே. பணமில்லாத மாணவனின் கூச்சத்தைப் படம் காட்டுகிறதேயன்றி, அவனைத் தாழ்த்துவதில்லை.

பணமின்மையும் அழகாகப் பயன்பட்டிருக்கிறது. தொடக்கத்தில் ஒரே சிகரெட் நண்பர்களிடையே கைமாறுகிறது. அவர்தம் சிகரெட் கடன் அனைத்தும் லல்லன் மியான் என்னும் பெட்டிக்கடைக்காரரின் கணக்கில் ஏறிக்கொண்டே போகிறது. சயீத் ஜாஃப்ரி இவ்வேடத்தில் உருதுவின் நயம் குன்றாமல் பேசும் பேச்சே ஒரு விருந்து. கடனைக் கேட்டு அதட்டுவார். ஆயினும் பிள்ளைகளைக் கைவிடமாட்டார். ஊரைவிட்டு வந்து தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு இத்தகைய ஒருவர் எந்த நகரிலும் வாய்ப்பார். கரோல் பாக்கில் மெஸ் நடத்திய மாமிகளையும் மாதக் கடைசியில் கணக்கு எழுதிக்கொண்ட மளிகைக்காரரையும் அறிந்த நம்மவர், மொழி வேறாயினும் இவரை உடனே இனங்கண்டுகொள்வர்.

இசையைப் பற்றியும் ஒரு சொல். நேஹா இசை பயிலும் வகுப்பில், வாயிலில் வந்து நிற்கும் கருங்குதிரையைப் பற்றிய பாட்டு ஒலிக்கிறது. அக்குதிரையோ கறுப்பு மோட்டார் சைக்கிள்! ராஜ்கமல் இசையமைத்த அப்பாட்டில் ஆண்குரல் நம் யேசுதாஸுடையது. தெற்கத்தியப் பாட்டு வாத்தியார் சிரிப்புக்கு உள்ளான அதே இந்தித் திரையில், தெற்கத்தியக் குரலே வாத்தியாரின் குரலாக, எவ்விதக் கேலியுமின்றி மதிப்புடன் ஒலிப்பதைக் கேட்கையில் நமக்கு உண்டாகும் நிறைவைச் சொல்லாமலிருக்க இயலவில்லை.

2013 ஏப்ரல் 5 அன்று, இப்படத்தின் செப்பனிடப்பட்ட படியும், டேவிட் தவான் கோவாவுக்குக் கதையைப் பெயர்த்து எடுத்த மறுபதிப்பும் ஒரே நாளில் வெளிவந்தன. மறுபதிப்பில் ஓசை மிகுதி. வாளியும் துண்டும் செய்த வேலையை அவ்வோசை செய்யவில்லை என்பதற்குமேல் அதனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மூலப் படத்திலும் குறை உண்டு. பிரிந்தவரைச் சேர்க்க நண்பர்களும் நேஹாவின் பாட்டியும் கூடி ஒரு பொய்க் கடத்தல் நாடகம் வகுக்க, அவள் மெய்யாகவே கயவர்களால் கடத்தப்படுகிறாள். துரத்தலும் அடிதடியுமாகப் படம் முடிகிறது. எந்தச் சினிமா வழக்கத்தை ஒன்றரை மணி நேரம் கேலி செய்தாரோ, அதனிடமே இறுதியில் கதையை ஒப்படைத்துவிட்டார் இயக்குநர். அதுவும் கேலியே என்று வாதிடுவோர் உளர். நமக்கு அவ்வாதம் ஒப்பவில்லை. ஏனெனில், அங்கே விடைகாண வேண்டிய வேறொன்று எஞ்சி நிற்கிறது. நண்பர்கள் சொன்னது வெறும் பொய்யன்று. ஒரு பெண்ணின் ஒழுக்கத்தின்மேல் சுமத்திய பழி. சித்தார்த்தோ அவளை ஒரு வார்த்தை கேளாமலே அதனை நம்பினான். இளமையின் விளையாட்டு அவ்விடத்தில் விளையாட்டாக இல்லாமற் போய்விட்டது. அவள் அவனை நேர்நின்று கேட்க வேண்டிய கேள்வியைக் கடத்தற் காட்சி விழுங்கிவிடுகிறது. கடத்தப்படுபவளாகவும் மீட்கப்படுபவளாகவும் மட்டுமே நேஹா நிற்கிறாள். சலவைத்தூள் பொட்டலத்தோடு கதவைத் தட்டி, கூச்சமின்றி நிமிர்ந்து பேசிய அந்தப் பெண்ணை அங்கே காணோம்.