195 கிலோ ஞாபகம்

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஆண்களுக்கு வருகிற உபாதைகளில் சர்க்கரை, மூட்டுவலிக்கு அடுத்தபடியாக மோட்டார் சைக்கிள் ஆசையைச் சேர்க்கலாம். காலேஜ் நாட்களில் ஓட்டியது. கல்யாணம், குழந்தை, கார் என்று இருபது வருஷம் தொடவில்லை. இப்போது பையன் வெளியூரில் படிக்கிறான், கார் லோன் முடிந்துவிட்டது. ஒருநாள் காலை பேப்பரை மடித்து வைத்துவிட்டு மெதுவாகச் சொல்கிறார்: ''ஒரு புல்லட் எடுக்கலாம்னு பாக்கறேன்.'' வீட்டில் மௌனம். உடனே ஒரு நியாயமும் சேர்த்துக்கொள்கிறார்: ''ஆபீஸுக்கும் ஆச்சு, ஞாயித்துக்கிழமை மகாபலிபுரம் போயிட்டு வரவும் ஆச்சு.''

அவர் நீங்களாக இருந்தால், அதுவும் புதுச்சேரிக்காரராக இருந்தால், இந்த வாரம் உங்களுக்காக. சினிமாவுக்கும் நாவலுக்கும் விமர்சனம் எழுதுகிறோம். இரண்டு லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கி, உயிரையும் அதன் மேல் உட்கார்த்தி வைக்கிற பொருளுக்கு எழுதினால் தப்பில்லை.

பிரிட்டனில் இப்படி நடுவயதில் திரும்பி வருகிறவர்களுக்கு 'பார்ன் அகெய்ன் பைக்கர்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். மறுபிறவி எடுத்த பைக்காரர். சாலைப் பாதுகாப்பு ஆசாமிகள் கொஞ்சம் கவலையோடு சொல்கிற பெயர் அது. வண்டி வளர்ந்திருக்கிறது, ஓட்டுகிறவருக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது.

கம்பெனிக்காரர்களுக்குக் கவலை இல்லை. பர்ஸில் காசும் மனசில் ஏக்கமும் ஒரே சமயத்தில் இருக்கிற வயது இதுதான் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். 2001-ல் ட்ரையம்ஃப் தன் பழைய பானவில் பெயரைத் தூசி தட்டி எடுத்தது. 2009-ல் ராயல் என்ஃபீல்டின் கிளாசிக் வந்தது. 2018-ல் ஜாவா, 2022-ல் யெஸ்டி. மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு பெயர் மட்டும் உயிர்த்தெழுந்தது. பழைய ஜாவா புகை கக்கிய டூ ஸ்ட்ரோக். 2018-ல் வந்தது ரேடியேட்டர் வைத்த ஃபோர் ஸ்ட்ரோக். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கம்தான். பேரன் நல்லவனாகவே இருக்கலாம், தாத்தா இல்லை.

ராயல் என்ஃபீல்டின் கதை இன்னும் சுவாரஸ்யம். இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த கம்பெனி. 1950-களில் இந்திய ராணுவத்துக்கு புல்லட் தேவைப்பட, சென்னையில் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து திருவொற்றியூரில் தயாரிக்க ஆரம்பித்தார்கள். 1970 வாக்கில் தாய்வீடு மூடிவிட்டது. திருவொற்றியூர் மூடவில்லை. 1994-ல் ஐஷர் கைக்குப் போய், இன்றைக்கு ஒரகடம், வல்லம் வடகால் என்று வளர்ந்து, வெள்ளைக்காரனுக்கே திருப்பி விற்கிறது. நம் பக்கத்துச் சரக்கு. பெருமைப்படலாம். ஆனால் பெருமைக்காக வண்டி வாங்கக்கூடாது.

எதற்காக வாங்க வேண்டும்? ஊரைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். பைக் விமர்சனம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஊரை விட்டுவிடுகிறார்கள்.

புதுச்சேரி, நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்ட மாதிரியான நகரம். பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நேர் நேரான தெருக்கள், நூறு அடிக்கு ஒரு நாற்சந்தி. மேடு பள்ளம் அதிகம் இல்லாத சமதளம். சைக்கிளுக்கும் மொபெட்டுக்கும் வாகான ஊர். சுவேகா ஞாபகம் இருக்கிறதா? மோட்டோபெகான் என்ற பிரெஞ்சு கம்பெனியின் தயவில் திருப்பதியில் தயாரான மொபெட். 50 சிசிகூட முழுசாக இல்லை. இந்த ஊருக்கு அது போதுமானதாக இருந்தது.

லாஸ்பேட்டையிலிருந்தோ ரெட்டியார்பாளையத்திலிருந்தோ கிளம்பினால் நேரு வீதி ஐந்தாறு கிலோமீட்டர். நடுவில் ராஜீவ் காந்தி சதுக்கம் அல்லது இந்திரா காந்தி சதுக்கம். நெல்லித்தோப்பில் சிக்னல். அதற்குள் எதிரே வருகிற ஸ்கூட்டர், ஒன்வேயில் தப்பாக நுழைந்த சுற்றுலாப் பயணி, ஆட்டோ. மூன்றாவது கியருக்கு மேல் போகவே வாய்ப்பில்லை.

ஒரு சின்னக் கணக்கு. தினம் போக வர 12 கிலோமீட்டர், மாதம் 26 நாள். மொத்தம் 312. ஞாயிற்றுக்கிழமை சவாரி மாதம் இரண்டு தடவை, தடவைக்கு 150. மொத்தம் 300. கிலோமீட்டரில் பாதிக்குப் பாதி. ஆனால் வண்டியை வீட்டிலிருந்து வெளியே தள்ளுகிற தடவை 26-க்கு 2. ஷோரூமில் உங்கள் மனக்கண்ணில் ஓடுவது அந்த இரண்டு. முதுகு அனுபவிக்கப்போவது அந்த இருபத்தாறு.

ஞாயிற்றுக்கிழமையைக் குறைத்துச் சொல்லவில்லை. அதற்கு இந்த ஊர் மாதிரி அமையாது. வடக்கே காலாப்பட்டு தாண்டினால் ஈசிஆர், மரக்காணம் உப்பளம், இடிந்து கிடக்கிற ஆலம்பரைக் கோட்டை. இன்னும் போனால் மகாபலிபுரம். மேற்கே கல்லாகிப்போன மரங்கள் கிடக்கிற திருவக்கரை, அதையும் தாண்டினால் செஞ்சிக் கோட்டை. தெற்கே கடலூர், சிதம்பரம், பிச்சாவரம். எதுவும் ஒரு டேங்க் பெட்ரோலுக்குள் அடக்கம். ஒரே ஒரு இடம்தான் கிடையாது. விளம்பரங்களில் வருகிற மாதிரி அந்தி நேரத்தில் கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைத் தாண்டி 'டுக் டுக்' என்று போவது. சாயங்காலம் தொடங்கி மறுநாள் காலை வரை அங்கே வண்டிக்கு அனுமதி இல்லை. புல்லட்டாக இருந்தாலும் ஓரமாக நிறுத்திவிட்டு நடக்க வேண்டியதுதான்.

இப்போது வண்டிகள்.

கிளாசிக் 350. 2021-ல் வந்த புது இன்ஜின் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. பழைய புல்லட்டில் கண்ணாடியில் பின்னால் வருவது லாரியா, ஆவியா என்று தெரியாது. இதில் தெரிகிறது. 349 சிசி, 20 குதிரைசக்தி, எடை 195 கிலோ. இந்த எடையில்தான் விஷயம் இருக்கிறது. 1985-ல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100-க்கு 11 குதிரை, எடை சுமார் 100 கிலோ. கிலோவுக்கு எத்தனை குதிரை என்று வகுத்துப் பாருங்கள். நாற்பது வருஷம் கழித்தும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் நிற்கிறோம். கூடியிருப்பது நீங்கள் தள்ள வேண்டிய கிலோ.

ஓடும்போது எடை தெரியாது. ஹைவேயில் அது சுகம்கூட. பக்கத்தில் பஸ் போனால் அலைக்கழிக்காது. நிற்கும்போதுதான் தெரியும். காந்தி வீதியில் ஞாயிறு சந்தைக் கூட்டத்தில் இரண்டு ஸ்கூட்டருக்கு நடுவில் சொருகி வைத்ததைப் பின்னுக்கு இழுக்கும்போது, மணல் கிடக்கிற ரோட்டில் ஒற்றைக் காலை ஊன்றும்போது தெரியும். இருபத்தைந்து வயதில் சாய்கிற வண்டியைத் தொடையால் தாங்கிப் பிடித்துவிடலாம். ஐம்பதில் தாங்கினால் அடுத்த வாரம் முழுக்க ஆர்த்தோ டாக்டர்.

ஹன்டர் 350. அதே இன்ஜின், 181 கிலோ. சின்னச் சக்கரம், சந்தில் திரும்புவது சுலபம். பாரம்பரிய புல்லட்காரர்கள் இதைக் கொஞ்சம் இளப்பமாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். ஊருக்குள் ஓட்ட அந்தக் குடும்பத்திலேயே இதுதான் புத்திசாலி. பள்ளங்களில் பின் ஸ்பிரிங் கொஞ்சம் கறார்.

ஹோண்டாவின் ஹைனஸ் சிபி 350. 2020-ல் வந்தது. இதுவும் 181 கிலோதான். கிளட்ச் வெண்ணெய் மாதிரி. சிக்னல் நிறைந்த ஊரில் இடது கை மணிக்கட்டு வாழ்த்தும். குறை என்னவென்றால் இதற்குச் சரித்திரம் கிடையாது. சரித்திரம் வேண்டாம், வண்டி போதும் என்பவர்களுக்கு நல்ல வண்டி.

யூனிகார்ன். 160 சிசி, 140 கிலோ சுமார். 2004-ல் 150 சிசியாக வந்ததிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. இதைப் பார்த்து யாரும் கவிதை எழுதமாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர், ''என்ன சார், மைலேஜ் எவ்வளவு தருது?'' என்று மட்டும் கேட்பார். ஆனால் அந்த 26 நாளும் உங்களைத் தொந்தரவு செய்யாது. திருவக்கரை வரைக்கும் தாராளமாகப் போய்வரும். மகாபலிபுரத்துக்கும் போகும், அவசரப்படாமல்.

மைலேஜைச் சொல்லி 350-ஐ நிராகரிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மேலே சொன்ன மாதம் 612 கிலோமீட்டருக்கு லிட்டருக்கு 35 தருகிற வண்டியும் 50 தருகிற வண்டியும் ஐந்தாறு லிட்டர்தான் வித்தியாசம். ஒருநாள் ஹோட்டல் செலவு. விலையிலும் 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு ஜிஎஸ்டி 350 சிசி வரைக்கும் 18 சதவீதம், அதற்கு மேலே போனால் 40. 349-க்கும் 398-க்கும் நடுவில் சர்க்கார் ஒரு சுவரே கட்டிவிட்டது.

மாடல் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். முதலாவது, இது கடலோர ஊர். உப்புக் காற்றுக்கு குரோமியம் என்றால் அல்வா. பளபளக்கிற பாகம் எவ்வளவு கூடுதலோ, துடைக்கிற ஞாயிறுகளும் அவ்வளவு கூடுதல். இரண்டாவது, கம்பிச் சக்கரம் அழகு, ஆனால் வழக்கமாக உள்ளே ட்யூப் இருக்கும். மரக்காணம் தாண்டி பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். அலாய் வீலும் ட்யூப்லெஸ் டயரும் என்றால் பத்து நிமிஷத்தில் அடைத்துவிட்டுக் கிளம்பலாம். பின்னால் உட்காரப்போகிறவரையும் ஷோரூமுக்கு அழைத்துப்போய் உட்காரச் சொல்லுங்கள். சீட்டின் அளவு, பிடித்துக்கொள்ளக் கம்பி, சாரி கார்டு எல்லாவற்றுக்கும் அவர் சொல்வதே தீர்ப்பு.

வண்டியை விமர்சித்தாயிற்று. ஓட்டுகிறவரை யார் விமர்சிப்பது?

நீங்கள் தொண்ணூறுகளில் பழைய புல்லட்டில் பழகியவர் என்றால், கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இன்றைய வண்டிகளில் நேர் எதிர். மூளைக்கு இது பத்து நிமிஷத்தில் புரிந்துவிடும். காலுக்குப் புரிய ஒரு மாசம் ஆகும். திடீரென்று ஒரு மாடு குறுக்கே வரும்போது முடிவெடுப்பது மூளை இல்லை, கால். அப்புறம் அந்தக் காலத்து உபதேசம்: 'முன் பிரேக்கைத் தொடாதே, கவுத்துடும்.' அதை மறந்துவிடுங்கள். வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளில் ஏபிஎஸ் கட்டாயம். அழுத்திப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காது. சில மாடல்களில் முன் சக்கரத்துக்கு மட்டும்தான் இருக்கும். இரண்டுக்கும் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மியூசிக் சிஸ்டம் மாதிரி ஆடம்பரம் இல்லை இது.

சோக் இல்லை, ரிசர்வ் குழாய் இல்லை, பல வண்டிகளில் கிக்கரும் இல்லை. 2017-க்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கவே முடியாது. எதிரே வருகிறவர் விரலைக் குவித்து விரித்துக் காட்டினால் பதறாதீர்கள். அவரும் உங்களை மாதிரி ரொம்ப நாள் கழித்து வெளியே வந்தவராக இருக்கலாம்.

ஹெல்மெட் விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு தனிச் சரித்திரம் உண்டு. 2019 பிப்ரவரியில் துணைநிலை ஆளுநர் கிரண்பேடி ரோட்டில் இறங்கி ஹெல்மெட் போடாதவர்களை நிறுத்தினார். முதலமைச்சர் நாராயணசாமி ராஜ்நிவாஸ் வாசலில் தர்ணா உட்கார்ந்தார். தர்ணாவுக்கான காரணங்களில் ஹெல்மெட்டும் ஒன்று. தலைக்குப் போடுகிற ஒரு பொருள் இரண்டு தலைவர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. அவர்கள் பதவி போய்விட்டது, உங்கள் தலை மிச்சம் இருக்கிறது. ஐந்து கிலோமீட்டர்தானே என்று வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். தினம் போகிற தூரமே அந்த ஐந்துதான்.

ஷோரூமில் ''ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க சார்'' என்பார்கள். நேர் ரோட்டில் ஒரு கிலோமீட்டர். அதில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். பெண் பார்க்கப் போன இடத்து பஜ்ஜி மாதிரி. நீங்கள் கேட்க வேண்டியது வேறு. இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியைப் பத்தடி பின்னால் தள்ளிப் பாருங்கள். சென்டர் ஸ்டாண்ட் இருந்தால் போட்டு எடுங்கள். உங்கள் தெரு அகலத்தில் காலை ஊன்றாமல் ஒரு யூ டர்ன் அடியுங்கள். மூன்றும் மூச்சு வாங்காமல் முடிந்தால் அது உங்கள் வண்டி. பெயர் எதுவாக இருந்தாலும் சரி.

என் தீர்ப்பு: ஒரே வண்டிதான் என்றால் ஹன்டர் அல்லது ஹைனஸ், அலாய் சக்கரத்தோடு. உடம்பு தயங்கினால் யூனிகார்ன் வகையறா. கிளாசிக்தான் வேண்டும் என்று மனசு அடம்பிடித்தால் அதற்கும் வழி இருக்கிறது. உலகமே புதுச்சேரிக்கு வந்து வாடகைக்கு பைக் எடுத்து ஓட்டுகிறது. சொந்த ஊரில் வாடகை வண்டி எடுக்க வெட்கமாக இருக்கும், பரவாயில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் போய்வாருங்கள். நாலாவது திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நெல்லித்தோப்பு சிக்னல் வழியாகவும் ஒருதரம் ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் தாராளமாக வாங்கலாம்.