அவள் கதவைத் திறக்காவிட்டால்

நீதிமன்ற ஆணைகளையும் இலக்கியப் பிரதிகளைப் போலவே வாசிக்க வேண்டும் என்று என் மாணவிகளிடம் சொல்வதுண்டு. யார் பேசுகிறார், யாரைப் பற்றிப் பேசுகிறார், யாருக்கு அங்கே குரலே இல்லை என்ற கேள்விகள் இரண்டுக்கும் பொது. அப்படி வகுப்பில் நாங்கள் வாசித்தது, மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றத்தின் இந்தூர் அமர்வு 2020 ஜூலை 30 அன்று பிறப்பித்த ஒரு பிணை ஆணை.

பின்னிரவில் பக்கத்து வீட்டுக்குள் புகுந்து, அங்கிருந்த பெண்ணின் கையைப் பிடித்து அத்துமீறினான் என்பது ஒருவன்மீதான குற்றச்சாட்டு. 50,000 ரூபாய் பிணைப்பத்திரத்தோடு நீதிமன்றம் வேறு சில நிபந்தனைகளையும் விதித்தது. ஆகஸ்ட் 3, ரக்ஷா பந்தன் நாள். காலை 11 மணிக்கு அவன் தன் மனைவியோடும் இனிப்புப் பெட்டியோடும் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போக வேண்டும். தனக்கு ராக்கி கட்டும்படி கேட்க வேண்டும். காலமெல்லாம் அவளைக் காப்பதாக வாக்களிக்க வேண்டும். உடன்பிறந்தான் தரும் சீராக அவளுக்கு 11,000 ரூபாயும், துணிமணிக்கும் இனிப்புக்குமாக அவள் மகனுக்கு 5,000 ரூபாயும் தர வேண்டும். புகைப்படங்களும் ரசீதுகளும் நீதிமன்றத்தில் தாக்கலாக வேண்டும்.

வாசித்து முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “மேடம், அந்த அக்கா கதவையே திறக்கலைன்னா?”

அந்த ஒரு கேள்வியில் ஆணையின் முழு அமைப்பும் வெளிப்பட்டுவிட்டது.

பிணை நிபந்தனை என்பது குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நீதிமன்றத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். அதை மீறினால் என்ன ஆகும் என்பதைச் சட்டம் தெளிவாகவே வைத்திருக்கிறது. பிணை ரத்தாகலாம், அவர் மீண்டும் சிறைக்குப் போகலாம். பிணைப்பத்திரம் பறிமுதலானால் அதில் எழுதிய தொகையை அவரும் ஜாமீன்தாரர்களும் கட்ட வேண்டிவரும். குறித்த நாளில் ஆஜராகாமல் போவது தனிக் குற்றம்; ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. தண்டனைக்குப் பதிலாக நன்னடத்தைப் பத்திரத்தில் விடப்பட்டவர்களுக்கு 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் பொருந்தும். நிபந்தனையை மீறியவரை நீதிமன்றம் அழைத்து மூலக் குற்றத்துக்கே தண்டிக்கலாம். முதல் மீறலாக இருந்தால் 50 ரூபாய்க்கு மேற்படாத தொகையைக் கட்டச் சொல்லிவிட்டு, பத்திரத்தைத் தொடரவும் விடலாம்.

இந்தப் பட்டியலில் புகார் கொடுத்த பெண் எங்கே இருக்கிறாள்? மீறல் நீதிமன்றத்துக்கு எதிரானதாகவே பார்க்கப்படுகிறது. பறிமுதலாகும் பணமும் அவளுக்கு வருவதில்லை, அரசுக்குப் போகிறது. அவன் அவள் தெருமுனையில் வந்து நின்றாலும் அவள்தான் போலீசுக்கும் அரசு வழக்கறிஞருக்கும் அலைய வேண்டும்.

இந்தூர் ஆணை இதையும் தாண்டிப் போனது. அது அவளுக்கு நேரடியாக எந்தக் கட்டளையும் இடவில்லை. அவன் கேட்க வேண்டும் என்று மட்டுமே சொன்னது. ஆனால் அவன் தாக்கல் செய்ய வேண்டிய புகைப்படத்தில் அவள் கையும் இருக்க வேண்டும். அவள் மறுத்தால் அவனுடைய நிபந்தனை நிறைவேறாமல் நிற்கும். ‘உன்னால்தான் அவன் மறுபடியும் ஜெயிலுக்குப் போகப்போகிறான்’ என்று சொல்ல அவன் மனைவி வாசலிலேயே நிற்கிறாள். அதற்காகத்தான் மனைவியையும் வரச் சொன்னார்களோ என்று கேட்கத் தோன்றுகிறது. மீறாமல் இருக்க வேண்டிய பொறுப்பு அவனிடமிருந்து அவள் தோளுக்கு மாறிவிட்டது.

பிணை என்ற சொல்லுக்குச் சங்கப் பாடல்களில் பெண்மான் என்று பொருள். கட்டு, ஈடு, ஜாமீன் என்ற பொருள்களும் அச்சொல்லுக்கு உண்டு. சொல் ஒன்றாக இருப்பது தற்செயல்தான். ஆனால் அத்துமீறியவனின் விடுதலைக்கு அத்துமீறப்பட்டவளே ஈடாக நிற்கும்போது, அந்தத் தற்செயல் உறுத்துகிறது.

ராக்கி நம் ஊர் வழக்கமில்லை என்று ஆறுதல்பட முடியாது. பேருந்தில் இடிப்பவனையும் ‘அண்ணா, தள்ளி நில்லுங்க’ என்று சொல்லித்தான் தப்பிக்கிறோம். உறவுமுறைச் சொல்லைக் கேடயமாகப் பிடிப்பது நம் பழக்கம். அந்தக் கேடயத்தைப் பிடுங்கி எதிராளி கையில் கொடுத்ததுதான் அந்த ஆணை. 2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்திலும் இதற்கு நெருங்கிய ஒன்று நடந்தது. கடலூர் மாவட்ட வழக்கு ஒன்றில் சிறுமியை வல்லுறவு செய்ததற்காகத் தண்டிக்கப்பட்டவனுக்கு, அவளோடு சமரசம் பேசுவதற்காகப் பிணை தரப்பட்டது. பேச வரமாட்டேன் என்று அந்தப் பெண் வெளிப்படையாகவே மறுத்தார். ஜூலை 1 அன்று வேறொரு வழக்கில், வல்லுறவு வழக்குகளில் சமரசத்துக்கு இடமில்லை என உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே மாதத்தில் சென்னை ஆணையும் திரும்பப் பெறப்பட்டது.

இந்தூர் ஆணையை எதிர்த்து அபர்ணா பட் உள்ளிட்ட ஒன்பது பெண் வழக்கறிஞர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். நீதிபதிகள் ஏ.எம்.கான்வில்கர், எஸ்.ரவீந்திர பட் அமர்வு 2021 மார்ச் 18 அன்று அந்த நிபந்தனையை நீக்கியது. குற்றம் சாட்டப்பட்டவரும் பாதிக்கப்பட்டவரும் சந்திக்கும்படியான எந்த நிபந்தனையும் கூடாது, திருமணம், சமரசம் போன்ற யோசனைகளை நீதிமன்றம் சொல்லக் கூடாது, பெண்ணின் உடை, நடத்தை பற்றிய வழக்கமான பேச்சுகளைத் தவிர்க்க வேண்டும் என்று வழிகாட்டியது. நல்ல தீர்ப்பு. ஆனால் அது வந்தபோது ஆகஸ்ட் 3 கடந்து ஏழு மாதங்களுக்கு மேலாகியிருந்தது. அந்தக் காலை 11 மணிக்கு அவள் தனியாகத்தான் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

பிணையே கூடாது என்பது என் வாதமல்ல. குற்றம் நிரூபணமாகும் வரை பிணை கேட்பது எவருக்கும் உரிமை. அது மறுக்கப்பட்டால் முதலில் சிறையில் வாடுவது ஏழைகள். நிபந்தனை யாரைக் கட்ட வேண்டும் என்பதே கேள்வி. அவளிடமிருந்து விலகியிரு, தொலைபேசியில் அழைக்காதே, சாட்சிகளைக் கலைக்காதே என்பவை அவனைக் கட்டுபவை. அவளை எதுவும் செய்யச் சொல்லாதவை. அவற்றை மீறினால் விளைவு உடனே வர வேண்டும்.

ஆகவே மாணவிகளுக்கு நான் சொல்வது இது. பிணை ஆணையின் நகலைக் கேட்டு வாங்கி, நிபந்தனைகளை வரிவரியாகப் படியுங்கள். மீறல் நடந்தால் நாள், நேரம், பார்த்தவர் எனக் குறித்துவைத்து எழுத்தில் புகார் கொடுங்கள். பிணையை ரத்து செய்யச் சொல்லி நீதிமன்றத்தில் மனுச்செய்யப் பாதிக்கப்பட்டவருக்கும் வழி உண்டு. பிணை விசாரணை உட்பட வழக்கின் எல்லாக் கட்டங்களிலும் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று லக்கிம்பூர் கேரி வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

கடைசி வரிசை மாணவிக்கு அன்று நான் சொன்ன பதில் சுருக்கமானது. கதவு அவளுடையது, திறக்காமல் இருப்பது எந்த ஆணையின் மீறலும் ஆகாது.