களிறான கெண்டி

செங்கற் சூளைகளால் பெயர்பெற்றது பிரிக்பீல்ட்ஸ். 1881-இல் தீயும் வெள்ளமும் அழித்த கோலாலம்பூர், பின்னர்ச் செங்கல்லால் எழுந்தது. அம்மண்ணுக்கு அண்மையிலேயே 1963-இல் திறக்கப்பட்ட தேசிய அருங்காட்சியகமும் உள்ளது. அத்தகைய இடங்களில் பழங்கலங்களைக் காண்போர் பெரும்பாலும் இரண்டு வினாக்களோடு அமைந்துவிடுகின்றனர்: அதன் வயது என்ன? அது யாருக்குரியது? விலங்கு வடிவக் கலங்களை மதிப்பிட இவை போதா. அவ்விலங்கு அக்கலத்தில் என்ன பணி செய்கிறது என்பதே முதன்மையான வினா.

கலத்தை உடலாகக் காணும் நோக்கு தமிழுக்குப் புதிதன்று. வாய், கழுத்து, வயிறு, மூக்கு என்றே அதன் உறுப்புகளைச் சுட்டுகிறோம். சிலாங்கூரின் ஜெண்டராம் ஹிலிரில் 1977-இல் வெளிப்பட்ட தொல்கலங்களுக்கு மூன்று கால்களும் உண்டு. உறுப்புப் பெற்ற கலம் விலங்காவதற்கு ஓரடியே எஞ்சியுள்ளது.

தமிழரும் மலாய்க்காரரும் ஒருங்கே அறிந்த சொல் கெண்டி. குண்டிகை என்னும் வடசொல்லே அதன் மூலம் என்பர். தென்கிழக்காசியக் கெண்டிக்குக் கைப்பிடி இல்லை. கழுத்தைப் பற்றி உயர்த்தி, மூக்கின் வழி ஒழுகும் நீரை அண்ணாந்து பருகலாம். பலர் பருகினும் எச்சில் படாத ஒழுக்கத்தை அதன் வடிவமே காத்தது. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சீனத்துச் சூளைகள் யானை வடிவப் பீங்கான் கெண்டிகளை ஏற்றுமதிக்கென உருவாக்கின. நீர் வார்க்கும் கழுத்து யானையின் முதுகில் எழுகிறது. நீர் வெளிப்படும் வாய் அதன் முகத்தில் அமைகிறது. நீரை ஏற்று உமிழும் களிற்றின் இயல்பே கலத்தின் தொழிலாயிற்று. இதனை வெறும் அணி என்பது பொருந்தாது.

நீலகிரிக் கற்குவைகளில் கிடைத்த மட்கலங்கள் வேறு வகையின. பிரீக்ஸ் என்னும் ஆணையர் அவற்றைத் திரட்டினார்; அவரது நூல் 1873-இல் வெளிவந்தது. அக்கலங்களின் மூடிகள்மேல் எருமை முதலிய உருவங்கள் நிற்கின்றன. வனைவில் நுட்பம் குறைவு எனலாம். ஆயினும் அவை இறந்தாரோடு வைக்கப்பட்டவை. வாழ்வில் உடனிருந்த உயிரை ஈமத்திலும் உடன்நிறுத்திய அன்பை நோக்கின், அக்குறை பெரிதன்று.

கடப்பை மாவட்டத்துச் சங்கவரத்தில் கிடைத்த ஈமப்பேழையோ முழுமையும் விலங்கு வடிவினது; இறந்தார் அதன் வயிற்றினுள் அடங்கினர். புறநானூற்றின் 256-ஆம் பாட்டில், கணவனை இழந்தாள் ஒருத்தி தனக்கும் இடமிருக்கத் தாழியை அகலமாக வனையுமாறு குயவனை வேண்டுகிறாள். மட்கலம் மாந்தரின் துயரையும் ஏந்தியது என்பதற்கு இவை சான்று.

எனினும் இவையனைத்தையும் ஒரே மரபின் கிளைகள் என்று உரிமை கொண்டாடுதல் ஆய்வன்று. சீனத்தான் வணிகத்திற்கு வனைந்தான். நீலகிரியான் இறந்தாருக்கு வனைந்தான். வேற்றுமையை மறைத்துப் பெறும் பெருமை நிலைக்காது. எச்சில் படாது நீர் பகிரும் ஒழுக்கம் கடல்கடந்தும் பொதுவாயிருந்தது என்பதே நிலைக்கும் பெருமை.

கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ் மாணவர் தாழி என்னும் சொல்லுக்குப் பொருள் எழுதுவர். அதன் அகலத்தைக் கண்ணால் அளந்தவர் சிலரே. ஒரு கலத்தை முன்வைத்து, இது யாருக்காக, எதற்காக வனையப்பட்டது என வினவச் செய்யும் ஆசிரியர், அப்பாட்டின் பொருளையும் உடன் கற்பித்தவராவர்.